நாட்டின் முகமும் நாடக மேடையும்

டப்ளின் மாநகரில், லிஃபி ஆற்றின் தென்கரைக்கு அருகே, ஒரு பழைய மனை உண்டு. 1662ஆம் ஆண்டு அங்கே ஒரு நாடக அரங்கு எழுந்தது; ஸ்மாக் ஆலி என்பது அதன் பெயர். நூறாண்டுக்கு மேல் நாடகம் நடந்தபின் 1787இல் அது மூடப்பட்டுச் சாராயக் கிடங்காயிற்று. 1811இல் மைக்கேல் பிளேக் என்னும் கத்தோலிக்கக் குரு அதை விலைக்கு வாங்கி, பழைய சுவர்களையும் பயன்படுத்தி ஓர் ஆலயம் எழுப்பினார். 1829இல் கத்தோலிக்கருக்கு அரசியல் உரிமைகள் திரும்பக் கிடைக்கும் முன்னரே அந்த ஆலயத்தின் மணி ஒலித்துவிட்டது. ஏறக்குறைய 300 ஆண்டுகளில் அந்நகரில் ஒலித்த முதற் கத்தோலிக்க மணி அதுவே என்பர். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆலயமும் மூடப்பட்டது. 2012இல் அதே இடம் மீண்டும் நாடக அரங்காகியது.

மேடை பீடமாகி, பீடம் மீண்டும் மேடையான இந்தக் கதையைப் படித்த நாள் முதல் என் மனத்தில் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டிருக்கிறது. ஒரு மக்களினத்தின் முகத்தை மேடையில் வரைந்து காட்டும் உரிமை யாருக்கு உண்டு? வரைந்தது உண்மையாகவே இருந்து, அந்த உண்மை அம்மக்களைப் புண்படுத்துமானால், அதைச் சொன்னவன் செய்தது அறமா, பழியா? இக்கேள்வியை டப்ளின் நகரம் ஒருமுறை அன்று, மும்முறை தெருச்சண்டை அளவுக்குக் கொண்டுபோய்க் கேட்டது. கேட்டவர்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர். ஆகவே அது நம் கேள்வியும் ஆகும்.

டப்ளினில் நாடகம் தோன்றியது மக்களுக்காக அன்று. 1637இல் வெர்பர்க் தெருவில் எழுந்த முதல் அரங்கு, ஆங்கில அரசப் பிரதிநிதியின் ஆதரவில், அவர் கோட்டைக்கு அருகில், அவரைச் சூழ்ந்தவர்களின் பொழுதுபோக்குக்காக அமைந்தது. பின்னர் லண்டன் மேடைகளில் ‘ஐரிஷ்காரன்’ என்றொரு பாத்திரம் நிலைபெற்றது. குடிப்பான், பிதற்றுவான், வீண்பெருமை பேசுவான், எதற்கெடுத்தாலும் தடியைத் தூக்குவான், பார்ப்பவர் சிரிப்பர். அந்தச் சிரிப்பின் அடியில் ஓர் அரசியல் நியாயம் ஒளிந்திருந்தது: இத்தகையவர்களுக்குத் தன்னாட்சி எதற்கு? பிறர் வரைந்த முகத்தையே தன் முகமென்று தலைமுறை தலைமுறையாகக் காணும் மக்களுக்கு, அடுத்து வரும் ஓவியன் எவனாயினும் அவன்மீது ஐயம் எழுவது இயல்பு. இதை மறந்துவிட்டுப் பின்னால் நடந்தவற்றைத் தீர்ப்பிடுவது நேர்மையாகாது.

இந்நிலையை மாற்ற வேண்டும் என்றே 1899இல் யேட்ஸ், கிரெகரி சீமாட்டி, எட்வர்ட் மார்ட்டின் ஆகியோர் ஐரிஷ் இலக்கிய அரங்கைத் தொடங்கினர். முதல் இருவர் புரொட்டஸ்டாண்டு மரபினர். மார்ட்டின் ஆழ்ந்த பக்தியுள்ள கத்தோலிக்கர். கோமாளிகளின் நாடல்ல இது, பழம்பெரும் இலட்சியங்களின் நாடு என்று காட்டுவதே தங்கள் நோக்கம் என அறிவித்தனர். அதே ஆண்டு மே 8ஆம் நாள் அவர்கள் முதன்முதல் மேடையேற்றிய நாடகம், யேட்ஸ் எழுதிய ‘கவுண்டஸ் கேத்லீன்’. பஞ்சம் வாட்டும் ஊருக்கு வணிகர் வேடத்தில் இரு பேய்கள் வருகின்றன, பொன் கொடுத்து ஆன்மாக்களை வாங்குகின்றன, ஏழைகள் விற்கின்றனர். அவர்களை மீட்கத் தன் ஆன்மாவையே விற்கிறாள் ஒரு பிரபுகுலப் பெண். இறுதியில் இறைவன் அவள் செயலைப் பாராமல் எண்ணத்தைப் பார்த்து மன்னிக்கிறார்.

உயர்ந்த கதை என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் அரங்கில் அமர்ந்திருந்தவர்களின் பெற்றோர் 1845 முதல் 1849 வரையிலான பெரும் பஞ்சத்தைக் கண்டவர்கள். ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மடிந்த அக்காலத்தில், மதம் மாறினால்தான் கஞ்சி என்று சொன்ன சில புரொட்டஸ்டாண்டு போதகர்களும் இருந்தனர். பட்டினி கிடந்தோம், செத்தோம், ஆனால் ஆன்மாவை விற்கவில்லை என்பதே அந்த ஏழைகளிடம் எஞ்சியிருந்த ஒரே செல்வம். கூழுக்காக மதம் மாறியவர்கள் என்ற ஏச்சு நம் செவிக்கும் புதிதன்றே! அந்தச் செல்வத்தின்மேல்தான், நிலக்கிழார் வழிவந்த மொழியில், ஒரு கவிஞர் கை வைத்தார். அவர் கருதியது அதுவன்று. எனினும் காயம் உண்மை.

இறையியல் அடிப்படையிலும் மறுப்புக்கு இடம் இருந்தது. தன் சகோதரருக்காகத் தான் சபிக்கப்பட்டவனாகவும் விரும்புவேன் என்னும் பொருளில் பவுலடியார் எழுதுகிறார். மோசேயும் தன் பெயரை இறைவனின் நூலிலிருந்து அழித்துவிடும்படி மன்றாடுகிறார். ஆயினும் புனித தாமஸ் அக்குவினாஸ், பிறரன்பின் பெயராலும் ஒருவன் பாவத்தைத் தேர்ந்து தன் ஆன்மாவை இழக்க ஒப்புதல் கூடாது எனத் தெளிவாகக் கற்பிக்கிறார். குருமடத்தில் இப்பகுதியைப் படித்தபோது எனக்கு அது சற்று வறண்ட போதனையாகத் தோன்றிற்று. இன்று அப்படித் தோன்றவில்லை. தன் ஆன்மாவைத் தன்னுடைய சொத்தாக எண்ணி விற்கவும் ஈடுவைக்கவும் முற்படுவதில் ஒரு நுண்ணிய அகந்தை உண்டு. இவை யாவும் அமைதியாகப் பேசத்தக்கவை, பேசப்பட்டவையும்கூட. மார்ட்டினின் மனக்கலக்கத்தைத் தீர்க்க நாடகம் குருக்களிடம் அனுப்பப்பட, இருவர் படித்துப் பார்த்து, தடையில்லை என்றே கூறினர்.

ஆனால் ‘பொன்னுக்கு ஆன்மா’ என்றொரு துண்டுநூல் நகரெங்கும் பரவியது. அயர்லாந்துத் திருச்சபையின் தலைமகனான கர்தினால் லோக், நாடகத்தை முழுமையாகப் படிக்கவில்லை என்பதைத் தாமே ஒப்புக்கொண்டு, எடுத்துக்காட்டப்பட்ட பகுதிகளைக் கொண்டே அதைக் கண்டித்து நாளிதழுக்கு எழுதினார். கத்தோலிக்க மாணவர் பலர் கண்டனக் கடிதத்தில் கையெழுத்திட்டனர். ஒரு மாணவன் மட்டும் மறுத்தான். அவன் பெயர் ஜேம்ஸ் ஜாய்ஸ்.

கர்தினாலைக் குறைசொல்ல எழுத்தாணியை எடுத்த என் கை இங்கே தயங்குகிறது. குருப்பட்டம் பெற்ற சில ஆண்டுகளுக்குள், நான் பணியாற்றிய ஒரு பங்கில் இளைஞர்கள் திருவிழாவுக்கென நாடகம் ஒன்று எழுதினார்கள். அதில் வரும் உபதேசியார் உண்டியல் பணத்தை எடுத்துவிடுவதாக ஒரு காட்சி இருப்பதாய்ப் பெரியவர் ஒருவர் வந்து சொன்னார். ஊர் முன்னே கோவிலுக்கு இழுக்கு வேண்டாம் என்றார். பிரதியைக் கேட்டுவாங்கிப் படிக்க எனக்கு அரைமணி நேரம் போதும். படிக்கவில்லை. நாடகம் நின்றது. ஓராண்டு கழிந்து, பழைய தாள்களிடையே அந்த நோட்டு கிடைத்தது. எடுத்த பணத்தை அந்த மனிதர் இரவில் திரும்ப வைக்கும் காட்சிதான் நாடகத்தின் உயிர். எழுதிய இளைஞர் அதற்குள் ஊரைவிட்டுப் போய்விட்டார்.

டப்ளினுக்குத் திரும்புவோம். 1902 ஏப்ரல் 2ஆம் நாள், கார்மேல் சபையினரின் ஆலயத்தைச் சார்ந்த புனித தெரேசா மண்டபத்தில் ‘கேத்லீன் நி ஹூலிஹன்’ அரங்கேறியது. 1798ஆம் ஆண்டின் கிளர்ச்சிக்காலம். ஒரு குடியானவர் வீட்டில் திருமண ஏற்பாடு. கிழவி ஒருத்தி வருகிறாள். தன் நான்கு பசும்வயல்களை அந்நியர் பறித்துக்கொண்டதாகச் சொல்கிறாள். மணமகன் மணப்பெண்ணை விட்டுவிட்டுக் கிழவியின் பின்னே போருக்குப் போகிறான். வெளியே போனவள் கிழவியல்ல, அரசியின் நடையுடைய இளம்பெண் என்று முடிகிறது நாடகம். கிழவியாக நடித்தவர் விடுதலைப் போராட்டத்தில் பெயர்பெற்ற மாட் கோன். மண்டபம் உருகியது. ஒருவரும் கண்டனக் கடிதம் எழுதவில்லை. தாயைக் காக்க மகன் சாகவேண்டும் என்பதில் இறையியல் ஐயம் எவருக்கும் எழவில்லை. எனக்கோ, முன்னதைவிட இதுவே கூர்ந்து ஆராயப்பட்டிருக்க வேண்டிய நாடகமாகப் படுகிறது. நம்மைப் புகழும் கதையை நாம் சோதிப்பதே இல்லை.

1904 டிசம்பர் 27ஆம் நாள் ஆபி அரங்கு திறக்கப்பட்டது. தேசிய அரங்குக்குப் பணம் தந்தவர் ஆனி ஹார்னிமன் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி. தேயிலை வணிகக் குடும்பத்தவர். கட்டடத்தின் ஒரு பகுதி முன்பு நகரின் பிணவறையாக இருந்தது. இந்த இயக்கத்தின் தொடக்க நாள்களில் நாடகம் எழுதிக்கொடுத்த ஜேம்ஸ் கசின்ஸ் 1915இல் சென்னை அடையாறுக்கு வந்து, நம் நாட்டிலேயே வாழ்ந்து மறைந்தார் என்பதும், தாகூரின் ‘அஞ்சலகம்’ 1913இல் ஆபி மேடையில் நடிக்கப்பட்டது என்பதும் இடையே நினைவுகூரத் தக்கவை.

1907 சனவரி 26. ஜான் மில்லிங்டன் சிங் (பெயரைக் கண்டு பஞ்சாபியர் என்று எண்ணிவிட வேண்டாம்; டப்ளின் புரொட்டஸ்டாண்டு குடும்பத்தவர்) எழுதிய ‘பிளேபாய் ஆஃப் தி வெஸ்டர்ன் வேர்ல்ட்’ ஆபியில் அரங்கேறியது. மேயோ வட்டாரத்துச் சிற்றூர்ச் சாராயக் கடைக்கு ஓர் இளைஞன் வருகிறான். தகப்பனை மண்வெட்டியால் அடித்துக் கொன்றுவிட்டேன் என்கிறான். ஊரார் அவனை வெறுக்கவில்லை, வீரனாக்கிக் கொண்டாடுகின்றனர். செத்ததாகச் சொல்லப்பட்ட தகப்பன் தலைக்கட்டுடன் வந்து நிற்கிறார். இளைஞன் எல்லாரும் பார்க்க மீண்டும் அடிக்கிறான். இப்போது ஊர் அவனைக் கயிற்றால் கட்டுகிறது. தொலைவில் நடந்தபோது வீரமாக ஒலித்தது, கண்ணெதிரே நடந்தபோது கொலையாகிவிடுகிறது.

பெண்களின் உள்ளாடையைக் குறிக்கும் ஒரு சொல் மூன்றாம் அங்கத்தில் வந்தபோது அரங்கில் கூச்சல் எழுந்தது. ஒரு வாரம் முழுவதும் கூச்சலுக்கிடையேதான் நாடகம் நடந்தது. யேட்ஸ் காவலரை வரவழைத்தார்; யாருடைய காவலர்? ஆங்கில ஆட்சியின் காவலர். ஐரிஷ் தேசிய அரங்கு, ஐரிஷ் தேசியவாதிகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள அரசரின் காவலரை அழைத்தது. பின்னர் அமெரிக்கா சென்றபோதும் எதிர்ப்பு தொடர்ந்தது. 1912 சனவரியில் பிலடெல்பியாவில் நடிகர்கள் கைதாயினர். சிங் அதைக் காணவில்லை. 1909இல், 37 வயதில் இறந்துபோயிருந்தார்.

எட்டாம் கட்டளையை விளக்கும்போது குருமடத்தில் இரண்டு பாவங்களைப் பிரித்துக் காட்டுவர். இல்லாத குற்றத்தைச் சுமத்துவது அவதூறு. உள்ள குற்றத்தைத் தேவையின்றிப் பிறர் முன்னே திறந்து காட்டுவது புறங்கூறல். உண்மை என்பதால் மட்டும் இரண்டாவது புண்ணியமாகிவிடாது. அன்று கூச்சலிட்டவர்களின் வழக்கை அதன் நல்ல வடிவில் வைத்தால் இப்படித்தான் வரும்: எங்கள் ஊரில் கொலைகாரனுக்கு அடைக்கலம் தந்தவர் இருந்திருக்கலாம், ஆனால் பகைவன் பார்த்துக்கொண்டிருக்கும் மேடையில் அதை ஏன் விரிக்கிறாய்? இதை எளிதில் தள்ளிவிட முடியாது.

இதற்கு மறுமொழியாக நாத்தான் இறைவாக்கினரின் நினைவு வரும். தாவீது அரசரிடம் அவர் குற்றத்தை நேரே சொல்லாமல், ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையைச் சொன்னார். கதையில் வந்தவன்மீது அரசர் சினந்தபோதுதான், அவன் நீரே என்றார். சிங் செய்ததும் இதுவே அன்றோ என்று ஓர் இலக்கிய அன்பர் என்னிடம் வாதிட்டதுண்டு. பாதிதான் பொருந்தும் என்றேன். நாத்தான் அரசரின் முன்னே நின்று அவர் முகம் பார்த்துப் பேசினார். நுழைவுச்சீட்டு விற்ற அரங்கில் அன்று. மேலும் அவர் அதே மக்களுள் ஒருவர். அவர்களுடைய ஆண்டவரையே வழிபட்டவர். சிங் அரன் தீவுகளில் மாதக்கணக்கில் தங்கி, அவர்கள் பேச்சைச் செவிமடுத்து, உண்மையிலேயே நேசித்தவர்தாம். ஆனால் நேசித்துவிட்டு டப்ளினுக்குத் திரும்பும் வசதி அவருக்கு இருந்தது. மறுபாதியில் அந்த அன்பர் சொன்னதே சரி. கண்ணெதிரில் கொலையைக் கண்டதும் வீரக்கதை கசந்துபோகும் என்ற உண்மையை அந்த மக்களுக்கு அன்று வேறு எவரும் சொல்லவில்லை. அதைக் கேட்கும் தேவையோ ஒன்பதே ஆண்டுகளில் வந்தது.

1916 ஏப்ரல் 24, பாஸ்கா திங்கள். அந்த வாரம் ஆபியில் ‘கேத்லீன் நி ஹூலிஹன்’ நடக்கவிருந்தது, நடக்கவில்லை. கிழவியின் அழைப்புக்கு இளைஞர்கள் தெருவிலேயே விடையளித்துக்கொண்டிருந்தனர். எழுச்சியின் அறிக்கையில் கையெழுத்திட்ட எழுவருள் மக்டோனாவின் நாடகம் 1908இல் ஆபியில் நடிக்கப்பட்டிருந்தது. பியர்சும் நாடகம் எழுதியவர். ஜேம்ஸ் கானலி எழுதிய நாடகம் அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் அரங்கேறியது. அதில் பச்சைக் கொடியை உயர்த்தும் நாயகனாக நடித்தவர் ஆபியின் நடிகர் ஷான் கானலி. எழுச்சியின் முதல் நாளிலேயே நகர மன்றத்தின் கூரைமேல் அவர் சுடப்பட்டு இறந்தார். மேயில் எழுவரும் சுட்டுக்கொல்லப்பட்டனர். தன் நாடகம் சிலரைச் சாவுக்கு அனுப்பியதோ என்ற கேள்வி யேட்சைத் தம் இறுதி ஆண்டுகள் வரை விடவில்லை. ஒரு கவிதையில் அதை வெளிப்படையாகவே கேட்டிருக்கிறார்.

பத்தாண்டு சென்றது. தென்னகம் 1922இல் தன்னாட்சி பெற்றது. 1925இல் புதிய அரசு ஆபிக்கு 850 பவுன் மானியம் வழங்கியது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் ஷான் ஓ’கேசியின் ‘கலப்பையும் விண்மீன்களும்’ அரங்கேறியது. ஓ’கேசி சிங்கைப் போன்றவர் அல்லர். டப்ளின் ஏழைக் குடியிருப்புகளின் வாழ்வைத் தோளில் சுமந்த கூலித் தொழிலாளி. கலப்பையும் விண்மீன்களும் பொறித்த கொடியை ஏந்திய தொழிலாளர் படைக்கு ஒரு காலத்தில் செயலராகவே இருந்தவர். அவர் எழுச்சியை அதன் தலைவர்கள் பக்கமிருந்து காட்டவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் பக்கமிருந்து காட்டினார். இரண்டாம் அங்கம் ஒரு மதுக்கடையில் நடக்கிறது. அங்கே ஒரு விலைமகள். சன்னலுக்கு வெளியே, முகம் தெரியாத ஒருவர், குருதி சிந்துதலைப் புனிதமாக்கிப் பேசுகிறார். அச்சொற்கள் பியர்சின் உரைகளிலிருந்து எடுக்கப்பட்டவை. அதே கடைக்குள் வீரர்கள் கொடியைக் கொண்டுவருகின்றனர். பின்னர் தெருவில் கடைகள் சூறையாடப்படுவது ஏறக்குறைய நகைச்சுவையாகக் காட்டப்படுகிறது.

11ஆம் நாள் இரவு அரங்கில் கலவரம். எதிர்ப்பின் முன்னணியில் நின்றவர் ஹன்னா ஷீஹி ஸ்கெஃபிங்டன். இவர் குறுகிய மனத்தினர் அல்லர். பெண்களின் வாக்குரிமைக்காகச் சிறை சென்றவர். விலைமகள் மேடையில் வந்ததற்காகத் தாம் எதிர்க்கவில்லை என்பதையும் வெளிப்படையாகவே எழுதினார். தேசிய அரங்கு என்று பெயர் சூட்டிக்கொண்டு, அரசின் மானியமும் பெற்று, அந்த அரசு பிறக்கக் காரணமாக இறந்தவர்களை இழிவுபடுத்தலாமா என்பதே அவர் வழக்கு.

யேட்ஸ் மேடையேறிக் கூட்டத்தைக் கடிந்துரைத்தார். இலக்கிய வரலாறுகள் பெரும்பாலும் இந்த இடத்தில் யேட்சின் பக்கம் கைதட்டிவிட்டு அடுத்த அதிகாரத்துக்குப் போய்விடுகின்றன. எனக்கு அவ்வாறு போக முடியவில்லை. ஹன்னாவின் கணவர் ஃபிரான்சிஸ் அறப்போரையே நம்பியவர். எழுச்சியில் துப்பாக்கி ஏந்தவில்லை. கடைகள் சூறையாடப்படுவதைத் தடுக்க வெளியே சென்றவர் கைதாகி, ஏப்ரல் 26ஆம் நாள் விசாரணையின்றிப் படைமுகாமில் சுடப்பட்டார். எந்தச் சூறையாடலைத் தடுக்கப் போய் அவர் கணவர் உயிர்விட்டாரோ, அதே சூறையாடலைக் கண்டு அரங்கு சிரித்துக்கொண்டிருந்தது. அப்பெண்மணி எழுந்து நின்றதைக் கலை அறியாதவரின் கூச்சல் என்று எந்த மனச்சான்றோடு சொல்வது?

ஆயினும் நாடகத்தை நிறுத்தியிருக்க வேண்டும் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அந்நாடகத்தின் இறுதியில், கணவனை இழந்து, குழந்தையையும் இழந்து மனம் பேதலித்த ஒரு கத்தோலிக்கப் பெண்ணைச் சன்னலிலிருந்து இழுத்துக் காக்க முயன்று, குண்டுபட்டுச் சாகிறாள் பெஸ்ஸி என்னும் புரொட்டஸ்டாண்டுக்காரி. அவள் எந்தக் கொடிக்காகவும் சாகவில்லை. அண்டை வீட்டாளுக்காகச் சாகிறாள். எழுச்சியில் இறந்த பொதுமக்கள் பலர். அவர்களுள் அத்தகையவர்களுக்குச் சிலை கிடையாது. அந்த மேடை மட்டுமே இருந்தது. ஹன்னாவின் கணவரும் உண்மையில் இந்த வகையைச் சேர்ந்தவர்தாமே என்று நினைக்கும்போது, எழுதியவரும் எதிர்த்தவரும் ஒரே பிணத்தின் இருபுறம் நின்று சண்டையிட்டதாக எனக்குத் தோன்றுகிறது. மார்ச் மாதம் முதல் நாள் இருவரும் ஒரே மேடையில் தோன்றி விவாதித்தனர். கர்தினால் செய்யாததை இந்த அம்மையார் செய்தார்: நேரில் பார்த்தார், நேரில் பேசினார். ஓ’கேசி அவ்வாண்டே லண்டனுக்குப் போனவர், அங்கிருந்து வந்து மீண்டும் தாயகத்தில் குடியேறவில்லை.

மானியம் தந்த அரசும் வாளாவிருக்கவில்லை. அரசின் சார்பில் நிர்வாகக் குழுவில் அமர்த்தப்பட்டவர் சில பகுதிகளை நீக்கக் கோரினார். கிரெகரி சீமாட்டி, பணமா உரிமையா என்றால் உரிமையே என்று உறுதியாக நின்றார். திருச்சபையின் கையும் ஓயவில்லை. 1958இல் டப்ளின் நாடக விழாவின் தொடக்கத்துக்குத் திருப்பலி நிறைவேற்ற பேராயர் மக்குவெய்ட் அனுமதி மறுத்தார். ஜாய்சின் நாவலைத் தழுவிய நாடகமும் ஓ’கேசியின் நாடகமும் நிரலில் இருந்தமையே காரணம். ஓ’கேசி விலகினார், பெக்கெட் தம் நாடகங்களைத் திரும்பப் பெற்றார், அவ்வாண்டு விழாவே நடக்கவில்லை. ஒரு திருப்பலி மறுப்பால் ஒரு தலைநகரின் நாடக விழா நின்றுபோகும் அளவுக்கு அன்று அதிகாரம் இருந்தது. அந்த அதிகாரத்தின் பிற்கால நிலையை நாம் அறிவோம்.

எழுச்சியின் நூற்றாண்டுக்கென 2016ஆம் ஆண்டின் நிரலை ஆபி 2015 அக்டோபரில் அறிவித்தது. பத்து நாடகங்கள், பெண் எழுதியது ஒன்றே ஒன்று. நவம்பர் 12ஆம் நாள் அந்த அரங்கிலேயே பெண்கள் திரண்டு கேள்வி கேட்டனர். இம்முறை காவலர் அழைக்கப்படவில்லை. நாட்டின் முகம் என்று நூறாண்டாய்க் காட்டிவந்ததில் பாதி முகம் விடுபட்டிருந்ததை அரங்கு ஒப்புக்கொண்டது.

இங்கே அந்த 1902ஆம் ஆண்டுக் கிழவியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ‘கேத்லீன் நி ஹூலிஹன்’ யேட்சின் நாடகமாகவே நெடுங்காலம் அச்சாகியும் நடிக்கப்பட்டும் வந்தது. பிற்காலத்தில் கையெழுத்துப் பிரதிகளை ஆராய்ந்தபோது, அந்தக் குடியானவர் வீட்டின் பேச்சில் பெரும்பகுதி கிரெகரி சீமாட்டி எழுதியது என்று தெரியவந்தது. இது முழுதும் தம்முடையதே என்று ஒரு பகுதியின் ஓரத்தில் அவரே குறித்து வைத்திருந்தார், ஊரறியச் சொல்லவில்லை. 1919 மார்ச்சில் அந்த வேடத்துக்குரிய நடிகை வர இயலாதபோது, 67 வயதை எட்டிய அவரே போர்வையைப் போர்த்திக்கொண்டு ஆபியின் மேடையில் கிழவியாக நடித்தார். பார்த்தவர்கள் யேட்சின் வரிகளைப் பேசுவதாகவே எண்ணியிருப்பர்.